சீட் இல்லை என்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வடசென்னையிலிருந்து வந்து குவிந்த கேள்விகளில், கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேள்விகளில் இருந்த கல்லூரிகளின், மருத்துவமனைகளின் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

என் மகன் சக்கர நாற்காலியில்தான் போய் வருவான். நல்ல மார்க். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல் கேட்டுப் போனோம். "லேப் ரெண்டாவது மாடிம்மா, லிஃப்ட் கிடையாது, தம்பிதான் சிரமப்படும், பி.ஏ. ஏதாவது பாருங்க" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல்முறையீடு உண்டா?
– வாசகி, காசிமேடு

உண்டு. ஆனால் மறுத்தார்கள் என்று காட்ட இப்போது உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நாளைக்கு "அப்படி யாரும் சொல்லலையே, அவங்களாத்தான் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதனால் முதல் வேலை, வாயால் சொன்னதை எழுத்தில் ஏற்றுவது. இன்று மாலைக்குள் கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு இப்படி அனுப்புங்கள்:

"இன்று காலை 11 மணியளவில் தங்கள் சேர்க்கைப் பிரிவில் என் மகனின் விண்ணப்பம், ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருப்பதையும் லிஃப்ட் இல்லாததையும் காரணமாகச் சொல்லித் திருப்பித் தரப்பட்டது. இது கல்லூரியின் முடிவுதானா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அல்லவெனில் இத்துடன் இணைத்துள்ள விண்ணப்பத்தை மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டின்கீழ் ஏற்றுக்கொள்ளவும்."

கல்லூரிக்கு இதன்பிறகு மூன்று வழிதான். விண்ணப்பத்தை ஏற்கலாம், காரணத்தை எழுதிக் கொடுக்கலாம், பதில் போடாமல் இருக்கலாம். மூன்றுமே உங்களுக்குச் சாட்சி.

அடுத்து முதல்வருக்கு முறையான மனு. பெரும்பாலான மனுக்கள் கெட்டுப்போவது இங்கேதான். "கருணை கூர்ந்து ஏழை மாணவனுக்கு ஓர் இடம்" என்று எழுதினால் அது வேண்டுகோள் கோப்பில் போய்ப் படுத்துவிடும். நீங்கள் கேட்பது கருணை அல்ல, அதனால் சட்டப் பிரிவைச் சொல்லியே எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 32: அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசின் உதவி பெறும் நிறுவனங்களும் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது உச்சவரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. பிரிவு 16: அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் வந்துபோகும்படி வைக்க வேண்டும். பிரிவு 2-இன் வரையறைப்படி, நியாயமான வசதி செய்து தர மறுப்பதே பாகுபாடுதான். லிஃப்ட் இல்லாதது கல்லூரியின் குறை, அதை உங்கள் மகனின் தகுதிக்குறைவாக மாற்றிச் சொல்ல முடியாது.

அதோடு விடாமல், என்ன வசதி வேண்டும் என்பதை நீங்களே அளவோடு எழுதிவிடுங்கள். அளவுக்கு மீறிய சுமை என்றால் கல்லூரி மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சுமை என்று சொல்ல இடமே கொடுக்காதீர்கள். அவனுடைய பிரிவுக்குத் தியரி வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை, நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். செய்முறைக்குத் தரைத்தளத்தில் ஓர் அறையில் ஒரே ஒரு மேசை: உயரம் 75 முதல் 80 செ.மீ., அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. வெற்றிடம். சாதாரண ஆய்வக மேடை நின்று வேலை செய்கிற உயரத்தில் கட்டப்பட்டது, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு பியூரெட்டின் அளவுக்கோடு கண்மட்டத்துக்கு மேலே போய்விடும், அளவு தப்பாக வரும். அதனால்தான் இந்த அளவைக் குறிப்பிடச் சொல்கிறோம். வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும் (1:12). இரண்டு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்பார்கள், விடாதீர்கள்.

மனுவின் கடைசி வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: "இம்மனுமீது முடிவு எடுக்கும்வரை மேற்படி பாடப்பிரிவில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டுகிறேன்." இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் "சீட் ஃபுல் ஆயிடுச்சு" என்ற பதிலோடு திரும்பியவர்கள் ஏராளம். ஒதுக்கீட்டில் ஆள் வராத இடங்கள் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். உங்கள் எதிரி கல்லூரியைவிட நாள்காட்டிதான்.

மனுவில் மகனும் நீங்களும் இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிடுங்கள். நகல் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் போகட்டும். அசல் சான்றிதழ் எதையும் இணைக்காதீர்கள்.

பிறகு இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் தட்டலாம். ஒன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழு. "இன்னும் சேரவே இல்லையே, நீங்க எப்படி ஸ்டூடண்ட்?" என்று கேட்பார்கள். சேர்க்கை கோருபவரும் மாணவரே என்று அந்த விதிமுறையே சொல்கிறது. இடஒதுக்கீட்டு மீறலும் அதில் குறையாகவே எண்ணப்படுகிறது. குழு 15 வேலைநாள்களில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளை மேல்முறையீட்டில் விசாரிப்பவர்) மேல்முறையீடு, அவருக்கு 30 நாள் கெடு.

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவரால் ஆள்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் முடியும், அந்த விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரைதான், அதன்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டம் தரும் காலமோ மூன்று மாதம். இந்த ஆண்டு இடத்துக்கு அவரை மட்டும் நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல என்பது எங்கள் கருத்து. சேர்க்கை முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, ஓர் இடத்தைக் காலியாக வைக்க இடைக்கால உத்தரவு கேட்பதுதான் வழி. செலவைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உதவிபெறும் கல்லூரிகளில் காலை ஷிப்ட் உதவிபெறும் பிரிவாகவும் மாலை ஷிப்ட் சுயநிதியாகவும் இருப்பது வழக்கம். நீங்கள் விண்ணப்பித்தது எது? சுயநிதிப் பிரிவென்றால் 5 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது என்று வாதிடுவார்கள். அப்போது மனு பிரிவு 32-இல் நிற்காமல் பிரிவு 3, 16 ஆகியவற்றின்மேல் நிற்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும் பிரிவு 16 பொருந்தும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மொழிப்பாட விலக்கு பெற்று பிளஸ் டூ தேறினாள். 600-க்கு இல்லாமல் 500-க்குத்தான் மதிப்பெண். பி.காம். சேர்க்கையில் "ஒரு பாடம் குறையுது, தகுதி இல்லை" என்று தள்ளிவிட்டார்கள்.
– வாசகி, திருவொற்றியூர்

தள்ளியது தவறு. செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு தருவது சலுகைக் கணக்கில் வருவது அல்ல. தேர்வு முறையை அவர்களுக்கேற்ப மாற்றுவதை, இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு உட்பட, 2016 சட்டத்தின் பிரிவு 17 கடமையாகவே சொல்கிறது. அரசே விலக்கிய பாடத்தைக் காட்டி அரசு விதிப்படி தகுதியில்லை என்று ஒரு கல்லூரி சொல்ல முடியாது.

இதைவிட எளிய வாதம் ஒன்றும் இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையில் தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகளைத் தவிர மற்றவற்றுக்குத் தரவரிசை போடுவது பகுதி மூன்றின் நான்கு பாடங்களை வைத்து, 400-க்கு. பி.காம். தரவரிசையில் மொழிப்பாட மதிப்பெண் நுழையவே இல்லை. இல்லாத மதிப்பெண்ணால் என்ன குறைந்துவிடும்? இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், சட்டப் பிரிவை அடுத்துப் போடுங்கள்.

இணைக்க வேண்டிய முக்கியத் தாள், தேர்வுக்கு முன் மகளின் பெயருக்கு வந்த மொழிப்பாட விலக்கு உத்தரவு. மதிப்பெண் சான்று மட்டும் போதாது. உத்தரவு நகல் பள்ளித் தலைமையாசிரியரிடம் இருக்கும். விடுமுறை என்றாலும் அலுவலகத்தில் கேட்டு, அவர் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிவிடுங்கள். இன்னொன்றையும் சரிபாருங்கள்: இணைய விண்ணப்பத்தில் விலக்கு பெற்ற பாடத்துக்கு நேரே யாராவது 0 என்று நிரப்பியிருக்கிறார்களா? பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் அப்படிச் செய்துவிடுகிறார்கள். 0 என்றால் எழுதித் தோற்றதாகத்தான் படிக்கப்படும். அப்படியிருந்தால் உங்களுக்கு வேண்டியது மேல்முறையீடு அல்ல, திருத்தம். உதவி மையத்துக்கு நேரில் போனால் சீக்கிரம் முடியும்.

சேர்ந்த பிறகு கல்லூரி மொழித்தாளுக்கும் விலக்கு வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் கிடைத்தது தானாகத் தொடராது. முதல் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம், சேர்ந்த வாரமே கொடுங்கள்.

விளையாட்டில் அடிபட்டு எனக்கு ஒரு கண்ணில் பார்வை முற்றிலும் போய்விட்டது. 30% என்று சான்று. பொறியியல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிப் பிரிவில் சேர்க்கவில்லை. அப்பீல் செய்யலாமா?
– வாசகர், வியாசர்பாடி

செய்ய வேண்டாம், தோற்பீர்கள். ஒரு கண் முழுதாகப் போய் மறு கண் நலமாக இருந்தால் மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 30% தான். ஒதுக்கீட்டுக்கு 40% வேண்டும். இன்னும் பத்து மருத்துவரைப் பார்த்தாலும் கணக்கு மாறாது. அந்த நேரத்தைப் பொதுக் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் செலவிடுங்கள்.

ஆனால் 40-க்குக் கீழே இருப்பதால் உரிமையே கிடையாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான வசதி கேட்கும் உரிமை 40 சதவீதத்தோடு கட்டப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று, எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் உதவியாளர் கேட்ட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. என்ஜினீயரிங் டிராயிங் வகுப்பில் முன்வரிசை, பெரிய எழுத்து வினாத்தாள் போன்றவற்றைச் சேர்ந்தவுடன் எழுதிக் கேளுங்கள்.

என்னிடம் இரண்டு சான்று இருக்கிறது. வலது காலுக்கு 32%, பிறகு நடந்த விபத்தில் இடது கைக்கு 18%. இரண்டையும் கூட்டினால் 50. ஆனால் "தனித்தனியா 40 இல்லையே" என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.
– வாசகர், தண்டையார்பேட்டை

உங்கள் கணக்கும் தப்பு, அவர்கள் கணக்கும் தப்பு. இரண்டு குறைபாடுகளை இணைக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய சதவீதம் அ, சிறியது ஆ என்றால்: அ + ஆ × (90 – அ) ÷ 90. உங்களுக்கு 32 + 18 × 58 ÷ 90, அதாவது 32 + 11.6 = 43.6. நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஆனால் இந்தக் கூட்டலைச் சேர்க்கைக் குழு செய்யாது, செய்யவும் அதிகாரமில்லை. ஒரே சான்றில் மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். அதனால் உங்கள் சண்டை கல்லூரியோடு அல்ல. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, இரண்டு பழைய சான்றுகள், அறுவைச் சிகிச்சைச் சுருக்கம், எக்ஸ்ரே, பிசியோதெரபி குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் குழுவுக்குப் போங்கள். உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனை அருகில். இரண்டு உறுப்புகளுக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். சொல்லாவிட்டால் அன்றைக்குக் காட்டும் கையை மட்டும் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

குழுவின் முடிவு தவறென்று பட்டால், மாநில அரசு விதித்திருக்கும் காலத்துக்குள் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் பிரிவு 59 இடம் தருகிறது. மேல்முறையீட்டு அதிகாரி யார், கெடு எத்தனை நாள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். முதல் முடிவை மறைத்துவிட்டு வேறொரு ஊரில் புதுச் சான்று வாங்கும் யோசனையைச் சில தரகர்கள் சொல்வார்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 91 சொல்கிறது.

இதற்கிடையில் கலந்தாய்வு ஓடிவிடுமே என்றால், மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தின் ஒப்புகையை இணைத்துச் சேர்க்கைக் குழுவுக்குக் குறைதீர்ப்பு மனு கொடுங்கள். தரவரிசைப் பட்டியல் வெளியானதும் திறக்கும் குறைதீர்ப்புக் காலம் சில நாள்தான், தவறவிடக் கூடாது. தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சான்றில் செல்லுபடித் தேதி முடிந்திருந்தால் சதவீதம் எவ்வளவு இருந்தாலும் நிராகரிப்பார்கள். பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது.

நீட் தேறிய என் தங்கைக்கு ஒரு கையில் விரல்கள் வளர்ச்சி குறைவு. மருத்துவ வாரியம் 'எம்.பி.பி.எஸ். படிக்கத் தகுதியில்லை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டது.
– வாசகர், மணலி

அந்த 'ஒரே வரி'தான் உங்கள் பிடி. குறைபாடு 40 சதவீதத்தைத் தாண்டியது என்பதாலேயே ஒருவரை விலக்க முடியாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று வாரியம் ஆராய்ந்து காரணத்தோடு எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 15 தீர்ப்பில் சொன்னது. வாரியத்தின் எதிர்மறை முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. 2025 பிப்ரவரி 21 தீர்ப்பு இன்னும் நேராக உங்கள் தங்கைக்குப் பொருந்தும்: 'இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும்' என்ற பழைய நிபந்தனை மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணானது என்றது நீதிமன்றம்.

காரணங்களோடு கூடிய முழு அறிக்கையை வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். அது வருவதற்குள் எலும்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவ நிபுணரிடம் செயல்திறன் அறிக்கை வாங்குங்கள். "நலமாக இருக்கிறார்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தக் கையால் எழுதுகிறார், ஊசிக்குழலைப் பிடிக்கிறாரா, முடிச்சுப் போடுகிறாரா, கையுறை தானே மாட்டுகிறாரா என்று வேலை வேலையாக இருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையை நடத்தும், கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவுக்கு மனு, உடனே உயர் நீதிமன்றம். மருத்துவச் சேர்க்கையில் சுற்றுகள் வேகமாக முடியும், கடிதப் போக்குவரத்தில் வாரங்களைக் கரைக்காதீர்கள்.

மீஞ்சூரில் இருக்கிறோம். எல்லாரும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போகச் சொல்கிறார்கள்.
– வாசகி, மீஞ்சூர்

உங்களுக்கு அது இல்லை. மீஞ்சூரும் பொன்னேரியும் திருவள்ளூர் மாவட்டம், அடையாள அட்டை, சான்று விஷயங்களுக்குத் திருவள்ளூர்தான். திருவொற்றியூர், மணலி, மாதவரம் வாசிகளுக்குத்தான் சென்னை கலெக்டர் அலுவலகம், சிங்காரவேலர் மாளிகை. கல்லூரி இடம் மறுத்த புகாருக்கு மாவட்டக் கணக்கு கிடையாது, மாநில ஆணையர் எல்லாருக்கும் பொது.

வழக்கு என்று போனால் பணம் வேண்டாமா? அதுவரை வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அப்பீல் செல்லாமல் போய்விடுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12 அப்படிச் சொல்கிறது. வருமானச் சான்று கொண்டு வா என்றால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் கிட்ட. தொலைபேசி உதவிக்கு 15100. மனு நகல், முத்திரை போட்ட பிரதி, மின்னஞ்சல் பிரிண்ட் அவுட், சான்று, மதிப்பெண் பட்டியல் என்று தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். வக்கீலுக்கு அதுவே பாதி வேலை.

வேறு கல்லூரியில் தாராளமாகச் சேருங்கள், ஆண்டு வீணாக வேண்டாம். சேர்ந்ததால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அசல் சான்றிதழ்களை மட்டும் அங்கே விட்டுவிடாதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது.

சேர்ந்த கையோடு, மறுத்த கல்லூரிக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அரசுக் கல்லூரிக்கும் உதவிபெறும் கல்லூரிக்கும் இது பொருந்தும். கேட்க வேண்டியது: அந்தப் பாடப்பிரிவின் அனுமதிக்கப்பட்ட மொத்த இடங்கள், அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியவை, நிரப்பியவை, கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண். 40 இடம் உள்ள பிரிவில் 5 சதவீதம் என்றால் 2 இடம். பதிலில் அந்த 2-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால் இந்த மனுவைத் தள்ளிப்போட வேண்டாம், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் அந்தத் தாள் வக்கீல் கையில் இருக்க வேண்டும்.